கண்ணில் பூச்சி பறக்கும் நாள்

வெயில், பட்டினி, கெட்டுப்போன தூக்கம். கல்வராயன் மலையில் மரவள்ளி பிடுங்குகிற பெண்ணானாலும் சரி, அடிவாரத்தில் கரும்புத் தோகை உரிக்கிற பெண்ணானாலும் சரி, தலைவலிக்கு இந்த மூன்று காரணங்களைத்தான் முதலில் சொல்வார். மூன்றும் மெய். ஒற்றைத் தலைவலியைக் கிளப்பிவிடுவதில் மூன்றுக்கும் பங்கு உண்டு. நாலாவதாக ஒன்று இருக்கிறது. அது பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதோடு நின்றுவிடும். "தூரமாகறதுக்கு ரெண்டு நாள் முன்னாலயே மண்டை பொளக்க ஆரம்பிச்சிருதுக்கா" என்று பக்கத்து வயல்காரியிடம் சொல்வார். மருத்துவரிடம் சொல்ல மாட்டார். மருத்துவரும் கேட்பதில்லை.

ஒரு பெண்ணின் கடைசி மாதவிடாய் தேதியை நம் சுகாதார நிலையங்கள் மிகக் கவனமாக எழுதிவைப்பது கர்ப்பப் பதிவுக்காக. பிக்மி எண் வாங்கும்போது அந்தத் தேதி இல்லாமல் பிரசவ நாளைக் கணக்கிட முடியாது. தலைவலி என்றோ கண் மங்குகிறது என்றோ வலிப்பு என்றோ வருகிற பெண்ணிடம் அதே தேதியைக் கேட்பது அரிது. கேட்க வேண்டும் என்பதற்கான காரணங்கள்தான் இந்த அத்தியாயம்.

ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் இரண்டையும் கருப்பைக்கு உரிய ஹார்மோன்கள் என்றே பள்ளிப் புத்தகத்தில் படித்தோம். சினைப்பையில் சுரந்து இரத்தத்தில் கலக்கும் இவ்விரண்டும் கொழுப்பில் கரைபவை. ஆகவே மூளைக்குள் அன்னியப் பொருள்களை விடாத இரத்தத் தடுப்பை எளிதாகக் கடந்துவிடும். அவற்றைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் நினைவைப் பதிக்கும் ஹிப்போகாம்பஸில் இருக்கின்றன, வலியைச் சுமக்கும் நரம்புகளில் இருக்கின்றன, விழித்திரையிலும் கண் வில்லையிலும் கருவிழிப் படலத்திலும் கண்ணீர்ச் சுரப்பியிலும் இருக்கின்றன. விழித்திரையே கரு வளரும்போது மூளையிலிருந்து முளைத்து முன்னால் வந்த பகுதிதான்.

இரத்தத்தில் சேர்வது பார்வை நரம்பை எட்டும் என்பதைக் கள்ளக்குறிச்சிக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. 2024 ஜூனில் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. பிழைத்தவர்களில் பார்வையை இழந்தவர்களும் உண்டு. மெத்தனால் உடலுக்குள் ஃபார்மிக் அமிலமாக மாறி, பார்வை நரம்பைத்தான் முதலில் பதம் பார்க்கும். ஹார்மோன் அப்படிப்பட்ட நஞ்சல்ல, உடலுக்கு வேண்டிய பொருள். ஆனால் அது போகும் வழியும் இரத்தம்தான்; மாதம் முழுவதும் ஒரே அளவில் அது போவதுமில்லை.

மாதவிடாயின் முதல் நாளில் இரண்டு ஹார்மோன்களும் தாழ்ந்திருக்கும். பிறகு ஈஸ்ட்ரோஜன் ஏறி, சினைமுட்டை வெளிவருவதற்குச் சற்று முன்பு உச்சத்தைத் தொட்டு, சட்டென்று இறங்கும். அடுத்து புரோஜெஸ்டிரோன் ஏறும், கூடவே ஈஸ்ட்ரோஜனும் இன்னொரு முறை ஏறும். கரு தங்காவிட்டால் இரண்டும் சேர்ந்து சரியும். சரிவின் முடிவில் உதிரம். 1990இல் காத்தரின் வூலி, எலிசபெத் குல்ட், புரூஸ் மெக்யூவன் உள்ளிட்டோர் எலிகளின் ஹிப்போகாம்பஸை ஆராய்ந்தார்கள். நரம்பணுக் கிளைகளில் உள்ள நுண்ணிய முட்கள், எலியின் நாலைந்து நாள் சுழற்சிக்குள்ளேயே ஏறத்தாழ 30 சதவீதம் கூடிக் குறைந்தன. வளர்ந்த மூளையின் அமைப்பு இவ்வளவு வேகமாக மாறும் என்று அன்று பெரும்பாலோர் நினைத்திருக்கவில்லை. மனித மூளைக்கு இதை நெருக்கமாகப் பார்த்தவர் லாரா பிரிட்செட் என்ற கலிஃபோர்னிய ஆராய்ச்சி மாணவி. தொடர்ந்து 30 நாள் தம் மூளையைத் தாமே படம்பிடிக்கக் கொடுத்தார். 2020இல் வெளியான அந்த ஆய்வில், ஈஸ்ட்ரோஜனின் ஏற்ற இறக்கத்தோடு மூளையின் பகுதிகள் ஒன்றோடொன்று தொடர்புகொள்ளும் விதமும் மாறுவது தெரிந்தது.

தலைவலிக்கு வருவோம். வலியைக் கொண்டுவருவது ஹார்மோன் குறைவா, மிகுதியா? 1970களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவின் சிட்னியில் பிரையன் சாமர்வில் என்ற மருத்துவர் இதை எளிய முறையில் சோதித்தார். மாதவிடாயை ஒட்டித் தலைவலி வரும் பெண்கள் சிலருக்குப் புரோஜெஸ்டிரோன் கொடுத்தார். உதிரப்போக்கு தள்ளிப்போனது, தலைவலியோ அதன் நாளில் வந்து நின்றது. பிறகு ஈஸ்ட்ரோஜன் ஊசி போட்டுப் பார்த்தார். இப்போது உதிரம் தன் நாளில் வந்தது, தலைவலி தள்ளிப்போனது. ஊசி மருந்தின் அளவு இரத்தத்தில் இறங்கிய பிறகே வலி தொடங்கியது. ஆக, உதிரத்துக்கும் வலிக்கும் நேரடிச் சம்பந்தமில்லை. ஈஸ்ட்ரோஜன் சரிவதுதான் வலியைக் கொண்டுவருகிறது. வெள்ளிமலையிலிருந்து கச்சிராயபாளையத்துக்குப் பேருந்தில் இறங்குகிறவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும்: மலைமேல் இருக்கும்போது காது அடைப்பதில்லை, சமவெளியில் நடமாடும்போதும் அடைப்பதில்லை, வளைவுகளில் வேகமாக இறங்கும்போதுதான் அடைக்கிறது. கர்ப்பத்தின் பின்மாதங்களில் ஈஸ்ட்ரோஜன் உயர்ந்தே நிற்பதால் பல பெண்களுக்கு ஒற்றைத் தலைவலி காணாமலே போய்விடுவதும், பிரசவமானதும் அது திரும்பி வருவதும் இதே கணக்கில் அடங்கும்.

எத்தனை பேருக்கு இந்தத் தொல்லை? கர்நாடகத்தில் நிம்ஹான்ஸ் ஆய்வாளர்கள் வீடுவீடாகச் சென்று எடுத்த கணக்கில், ஓராண்டுக்குள் ஒற்றைத் தலைவலி கண்டவர்கள் 25.2 சதவீதம், அதாவது நான்கில் ஒருவர். அவர்களில் பெண்களே மிகுதி. பூப்பெய்தும் வயதுக்கு முன் ஆண் பெண் இருவருக்கும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும் இந்த நோய், அதன் பிறகு பெண்களிடம் இரண்டு மூன்று மடங்காகிறது. இத்தனை பேரைப் படுக்கவைக்கும் ஒன்றை "பொம்பளைங்களுக்கு வர்றதுதானே" என்று ஒதுக்குவது எனக்குப் பெரும் அநியாயமாகப் படுகிறது.

கண்ணுக்கு இதில் என்ன வேலை? ஒற்றைத் தலைவலிக்காரர்களில் ஒரு பகுதியினருக்கு வலி வருமுன் ஒரு காட்சி தோன்றும். பேருந்துப் பலகையைப் படித்துக்கொண்டிருக்கையில் நடுவில் இரண்டு எழுத்து மறைந்துபோகும். மறைந்த இடத்தின் விளிம்பில் மினுக்கும் கோணல்கோடு ஒன்று கிளம்பி, அரைவட்டமாகப் பெருத்து, பார்வையின் ஓரத்துக்கு நகரும். 5 நிமிடம் முதல் 60 நிமிடத்துக்குள் எல்லாம் மறைந்து, வலி தொடங்கும். கண்ணை மூடினாலும் அந்தக் கோடு தெரியும், ஏனென்றால் அது கண்ணில் நடப்பதல்ல. கார்ல் லாஷ்லி என்ற அமெரிக்க உளவியலாளர் தமக்கு வந்த இந்தக் காட்சியை நேரம் குறித்துத் தாளில் வரைந்துவந்தார். மூளையின் பின்புறப் பார்வைப் பகுதியில் ஏதோ ஒன்று நிமிடத்துக்கு 3 மில்லிமீட்டர் வேகத்தில் ஊர்கிறது என்று 1941இல் எழுதினார். 1944இல் பிரேசில்காரரான அரிஸ்டிடிஸ் லியாவோ, ஹார்வர்டில் முயல் மூளையில் ஏறத்தாழ அதே வேகத்தில் பரவும் ஓர் அலையைப் பதிவு செய்தார். அலை கடந்துபோன இடமெல்லாம் நரம்பணுக்கள் சற்று நேரம் ஓய்ந்துவிட்டன. ஒருவர் தாளில் வரைந்ததும் இன்னொருவர் கருவியில் கண்டதும் ஒன்றே என்று சேர்த்துப் பார்க்க மேலும் பத்தாண்டுக்கு மேல் ஆயிற்று.

இந்தக் காட்சிக்கும் ஹார்மோனுக்கும் உள்ள உறவு முன்னதற்கு நேர்மாறானது. காட்சியில்லாத தலைவலியை ஈஸ்ட்ரோஜனின் சரிவு கொண்டுவருகிறது. காட்சியோடு வரும் தலைவலிக்கு ஈஸ்ட்ரோஜனின் உயர்வு துணைபோகிறது. நடைமுறையில் இந்த வேறுபாடு ஓர் உயிர்ப் பிரச்சினை.

காரணம், அரசு இலவசமாகத் தரும் மாலா-என் கருத்தடை மாத்திரை. ஓர் அட்டையில் 21 ஹார்மோன் மாத்திரையும் 7 இரும்புச்சத்து மாத்திரையும் இருக்கும். ஹார்மோன் மாத்திரை ஒவ்வொன்றிலும் ஈஸ்ட்ரோஜன் வகைப் பொருளான எத்தினைல் எஸ்ட்ராடயால் உண்டு. பெரும்பாலான பெண்களுக்கு இது நல்ல, பாதுகாப்பான மாத்திரை. பயமுறுத்துவது என் நோக்கமல்ல. ஆனால் காட்சியோடு ஒற்றைத் தலைவலி வரும் பெண்களுக்கு மூளையில் இரத்தம் உறைந்து பக்கவாதம் வரும் வாய்ப்பு மற்றவர்களைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. இளம் வயதில் அந்த வாய்ப்பு மிகச் சிறியதுதான். ஈஸ்ட்ரோஜன் மாத்திரை சேரும்போது அது மேலும் பெருகுகிறது. ஆகவே அவர்கள் எந்த வயதினராயினும் இந்த வகை மாத்திரை கூடவே கூடாது என்று உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல் சொல்கிறது. மாற்று இல்லாமலும் இல்லை. லக்னோவில் கண்டுபிடிக்கப்பட்டு அரசுத் திட்டத்தில் "சாயா" என்ற பெயரில் தரப்படும் வாராந்தர மாத்திரையிலும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் "அந்தரா" ஊசியிலும் ஈஸ்ட்ரோஜன் இல்லை. காப்பர்-டியில் ஹார்மோனே இல்லை.

மாத்திரை அட்டை முடியும் தறுவாயில், இரும்பு மாத்திரை விழுங்கும் ஏழு நாளில் மட்டும் சிலருக்குத் தலைவலி வரும். இரும்பு ஒத்துக்கொள்ளவில்லை என்று அதைத் தூக்கி எறிவார்கள். குற்றம் இரும்பின்மேல் இல்லை. அந்த ஏழு நாளும் ஹார்மோன் நின்றுவிடுகிறது; சாமர்வில் கண்ட அதே சரிவு செயற்கையாக நடக்கிறது.

"கண்ணில் பூச்சி பறக்கிறது" என்ற பேச்சை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்துவிட முடியாது. பசியிலும், சோகையிலும், உட்கார்ந்து சட்டென்று எழும்போதும் பூச்சி பறக்கும். எத்தனை நிமிடம் இருந்தது, மெதுவாகப் பரவியதா, கண்ணை மூடியும் தெரிந்ததா என்று கேட்டால்தான் பிரித்தறியலாம். ஒரே கண்ணில் திடீரென்று மின்னல் வெட்டி, கரும்புள்ளிகள் மிதந்து, திரை விழுந்ததுபோல் ஒரு பக்கம் மறைந்தால் அது விழித்திரை கழன்றதாக இருக்கலாம். அதற்கு மாதவிடாயோடு எந்தத் தொடர்பும் இல்லை. அன்றைக்கே கண் மருத்துவமனைக்குப் போயாக வேண்டும்.

இனி வலிப்பு. மாதவிடாயை ஒட்டி வலிப்பு கூடுவதை மருத்துவம் வெகுநாளாகவே அறியும். வலிப்பை அடக்கிய முதல் மருந்தே இந்த வாசல் வழியாகத்தான் வந்தது. 1857இல் லண்டனில் சார்லஸ் லோகாக், விக்டோரியா அரசிக்குப் பிரசவம் பார்த்தவர், மாதவிடாயோடு வரும் வலிப்புக்குப் பொட்டாசியம் புரோமைடு கொடுத்துப் பயன் கண்டதாகச் சொன்னார். காம உணர்வு மிகுவதால் வலிப்பு வருகிறது, புரோமைடு அதைத் தணிக்கும் என்பது அவர் கொண்ட காரணம். காரணம் முழுத் தவறு, மருந்து சரி. 1912இல் பினோபார்பிட்டால் வரும்வரை புரோமைடைவிட நல்ல மருந்து உலகத்தில் இல்லை.

மெய்யான காரணம் புரோஜெஸ்டிரோனில் இருக்கிறது. அது மூளையில் அலோபிரெக்னனலோன் என்ற பொருளாக மாறி, நரம்பணுக்களை அமைதிப்படுத்தும் காபாவுக்குக் கைகொடுக்கும். ஈஸ்ட்ரோஜன் பொதுவாக நரம்பணுக்களைத் தூண்டிவிடும். மாதவிடாய்க்கு முன் புரோஜெஸ்டிரோன் சரியும்போது அந்த அமைதி விலகுகிறது. சினைமுட்டை வெளிவரும் நாளை ஒட்டி ஈஸ்ட்ரோஜன் தனியே ஓங்கி நிற்கிறது. வலிப்பு நோயுள்ள பெண்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இப்படி நாள் பார்த்து வலிப்பு கூடுகிறது. ஆண்ட்ரு ஹெர்சாக் 1997இல் இதை மூன்று வகையாகப் பிரித்தார்: மாதவிடாயை ஒட்டி வருவது, மாத நடுவில் வருவது, சினைமுட்டை சரிவர வெளிவராத மாதங்களில் பின்பாதி முழுவதும் வருவது.

மாதவிடாய் வலிப்பு நோயை உண்டாக்குவதில்லை. இருக்கும் நோயைக் கிளப்பிவிடுகிறது. வேலூர் மாவட்டத்தில் சி.எம்.சி. மருத்துவர்கள் வலிப்பு நோயாளிகளை ஊர் ஊராகத் தேடி மூளைப் படம் எடுத்துப் பார்த்தபோது, ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மூளையில் நாடாப்புழுக் கட்டி காரணமாக இருந்தது. அது வேர். வேரைத் தேடாமல் தேதியை மட்டும் பார்ப்பது தவறு. தேதியைப் பாராமல் மருந்தின் அளவைக் கூட்டிக்கொண்டே போவதும் தவறு.

அமாவாசைக்கு அமாவாசை வலிப்பு வருகிறது என்ற பேச்சு நம் ஊர்களில் உண்டு. நிலவின் சுற்று 29 நாள் சொச்சம். பெண்களின் மாதச் சுற்றும் பலருக்கு 28, 29 நாளை ஒட்டியது. ஒரு பெண்ணுக்குத் தற்செயலாக ஓர் அமாவாசையை ஒட்டி மாதவிடாய் வந்தால், அடுத்த பல மாதங்களுக்கு இரண்டும் பக்கத்துப் பக்கத்தில்தான் வந்துகொண்டிருக்கும். வலிப்பையும் நிலவையும் எல்லோரும் பார்க்கிறார்கள். மாதவிடாயை அவள் ஒருத்திதான் அறிவாள், வெளியில் சொல்வதுமில்லை. பழி நிலவுக்குப் போகிறது. பிறகு பேய்க்கும் மந்திரிப்புக்கும் போகிறது. சிகிச்சைக்கு வர ஆண்டுகள் ஆகின்றன. மாத்திரையில் அடங்கக்கூடிய நோயோடு ஒரு பெண் அடுப்பங்கரையிலும் கிணற்றடியிலும் நிற்கிறாள் என்பதை நினைக்கும்போதெல்லாம் மனம் பதறுகிறது.

மாதவிடாய்க்கும் பார்வைக்கும் உள்ள உறவை உடலமைப்பிலேயே காட்டும் இடம் ஒன்று உண்டு. சினைப்பைக்குக் கட்டளை அனுப்பும் பிட்யூட்டரி சுரப்பி மூளையின் அடியில் பயறு அளவில் இருக்கிறது. அதன் நேர் மேலே, இரு கண்களின் பார்வை நரம்புகளும் ஒன்றையொன்று குறுக்கே கடக்கின்றன. பிட்யூட்டரியில் கட்டி வளர்ந்தால் முதலில் மாதவிடாய் தப்பும் அல்லது நிற்கும். பிள்ளை பெறாமலே மார்பில் பால் கசியலாம். கட்டி மேல்நோக்கிப் பெருத்தால் பார்வையின் இரு வெளியோரங்களும் மறையும். நேரே பார்ப்பது தெரியும். பக்கவாட்டில் வருகிற வண்டி தெரியாது, கதவு நிலையில் தோள் இடிக்கும். முப்பது வயதில் மாதவிடாய் நின்றால் "சீக்கிரமே நின்னுபோச்சு" என்று விட்டுவிடுகிற வழக்கம் இருக்கிறது. மாதவிடாய் நின்று, தலைவலியும் இருந்து, பக்கப் பார்வையும் குறைந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. பால் கசியவைக்கும் வகைக் கட்டிகளில் பெரும்பாலானவை கத்தியின்றி, கேபர்கோலின் மாத்திரையிலேயே சுருங்கிவிடும்.

நோயில்லாத பெண்ணின் கண் மாதத்துக்குள் எவ்வளவு மாறுகிறது? மாறத்தான் செய்கிறது, மிகச் சிறிதாக. கருவிழிப் படலத்தின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒன்றிரண்டு பங்கு கூடிக் குறையும். கண்ணீரின் எண்ணெய்ப் படலம் சில நாள் மெலிந்து, மணல் விழுந்ததுபோல் உறுத்தும். கான்டாக்ட் லென்ஸ் அணிபவர்களுக்கு அது நன்றாகத் தெரியும். 1972இல் வெளியான ஓர் ஆய்வு, மங்கிய ஒளியைக் கண்டுகொள்ளும் கூர்மை மாத நடுவில் மிகுவதாகச் சொன்னது. அடுத்தடுத்து வந்தவை எல்லாம் அதே முடிவைச் சொல்லவில்லை. 2002இல் யேல் பல்கலைக்கழகத்தின் நீல் எப்பர்சன் குழு, பெண்களின் பார்வைப் பகுதியில் காபாவின் அளவு மாதத்தின் முற்பாதியைவிடப் பிற்பாதியில் குறைவதை அளந்து காட்டியது. இவையெல்லாம் ஆய்வுக்கூடத்தின் நுட்பக் கருவிகள் மட்டுமே பிடிக்கக்கூடிய மாற்றங்கள். இவற்றைக் காட்டி ஒரு பெண் பேருந்து ஓட்டக் கூடாது, அறுவை செய்யக் கூடாது என்று யாராவது வாதாடினால் அது அறிவியல் அல்ல.

மாதவிலக்கான பெண்ணின் கண்ணைப் பற்றி மனிதர்கள் கட்டிய கதைகள் பல. அவள் கண்ணாடியைப் பார்த்தால் கண்ணாடியில் இரத்த மேகம் படியும் என்று அரிஸ்டாட்டில் பெயரால் வழங்கும் கனவுகள் பற்றிய நூலிலேயே இருக்கிறது. 1920இல் வியன்னாவின் புகழ்பெற்ற குழந்தை மருத்துவர் பேலா ஷிக், அவள் கைபட்ட பூ வாடுகிறது, உடலில் ஏதோ நஞ்சு சுரக்கிறது என்று எழுதினார். அப்படியொரு நஞ்சு கிடையாது. துளசி வாடும், ஊறுகாய் கெடும் என்று நம் வீடுகளில் சொல்வதும் இந்த வரிசையில் சேரும்.

கடைசியாக, ஹார்மோனைவிடப் பெரிய ஒன்று. 2019-21இல் எடுத்த ஐந்தாம் தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதத்தினருக்கு இரத்தசோகை. ஒரு மாதவிடாயில் 80 மில்லிலிட்டருக்கு மேல் உதிரம் போனால் அது மிகுதி. மாதாமாதம் அப்படிப் போகும் பெண் சாப்பாட்டில் இருந்து மட்டும் இரும்பை ஈடுகட்ட முடியாது. வெறுங்காலோடு காட்டிலும் வயலிலும் நடப்பவருக்குக் கொக்கிப்புழுவும் சேர்ந்தால் சொல்ல வேண்டாம். தலைவலி, கிறுகிறுப்பு, எழும்போது கண் இருட்டுவது எல்லாம் அங்கிருந்தே வரலாம். சோகை மிகவும் கடுமையானால் விழித்திரையிலேயே இரத்தம் கசியும். செவிலியர் கீழிமையை இழுத்துப் பார்ப்பது இதற்காகத்தான். வெளுத்திருந்தால் அவர் அடுத்து கேட்க வேண்டியது: மாசத்துக்கு எத்தனை நாள் போகுது, எத்தனை துணி மாத்துறீங்க?

செய்ய வேண்டியதற்குப் பெரிய கருவி தேவையில்லை. வீட்டுச் சுவரில் தொங்கும் மாதக் காலண்டர் போதும். உதிரம் தொடங்கிய நாளுக்கு ஒரு வட்டம், தலைவலி வந்த நாளுக்கு ஒரு பெருக்கல் குறி, வலிப்பென்றால் வேறொரு குறி, வலி மாத்திரை போட்ட நாளுக்கு ஒரு புள்ளி. மூன்று மாதம் குறித்தபின் அந்தத் தாள்களைக் கிழித்து மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள், அது மலைமேல் உள்ள சுகாதார நிலையமானாலும் சரி, சிறுவங்கூர் மருத்துவக் கல்லூரியானாலும் சரி. வட்டமும் பெருக்கல் குறியும் ஒட்டியே வந்தால், வலி தொடங்கும் நாளுக்கு முன்பே மருந்தைத் தொடங்கிச் சில நாளில் நிறுத்தும் முறை இருக்கிறது. புள்ளிகள் மாதத்தில் பதினைந்தைத் தாண்டினால், கடையில் வாங்கிப் போடும் மாத்திரையே தலைவலியை வளர்த்துக்கொண்டிருக்கலாம். வலிப்பு மாத்திரையை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் தாமாக நிறுத்தக் கூடாது.

மாலா-என் அட்டையைக் கையில் கொடுக்கும் கிராம சுகாதாரச் செவிலியர்களுக்கு ஒரு வேண்டுகோள். கொடுப்பதற்கு முன் இதை மட்டும் கேட்டுவிடுங்கள்: "அக்கா, தலைவலி வர்றதுக்கு முன்னாடி கண்ணுல வெளிச்சம் கோணக்கோணலா ஓடுமா, பார்வை கொஞ்ச நேரம் மறையுமா?" ஆமாம் என்றால் அந்த அட்டையைக் கொடுக்காமல், மருத்துவரிடம் அனுப்புங்கள்.